காற்றுக்குச் சுமைக்கூலி

காலி பாட்டிலுக்கு இரண்டு பொலிவியானோ வாங்குகிறேன்.
மூடியிருந்தால் மட்டும்.

வெள்ளிக்கிழமை விடியுமுன்
எல் ஆல்டோவில் என் வண்டி நிற்கும் முனைக்கு
பிரிமித்திவா வருவாள்.
குக்கர் ரப்பர் வளையம் விற்பவள்.
எண்பத்தேழு டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும் ஊரில்
உருளைக்கிழங்கு வேக அவள் தயவு வேண்டும்.
இரண்டு லிட்டர் சோடா பாட்டிலை நீட்டுவாள்.
உள்ளே ஒன்றுமில்லையே என்றேன், முதல் வாரம்.
"நாலாயிரத்து நூறு மீட்டர் காற்று இருக்கிறது.
கொரோய்க்கோவில் நெமேசியோவிடம் கொடு.
திறந்துவிடாதே."

கணவாய் வரை ஏற்றம். பனிக்காற்று.
பாட்டில் விறைத்துக்கொள்ளும்,
தட்டினால் டொக்கென்னும்.
பிறகு இறக்கம்தான். மேகத்துக்குள் வளைவுக்கு வளைவு
என் காது அடைக்கும்,
பின்சீட்டில் பாட்டில் கடக்கென்று ஒடுங்கும்,
யாரோ இடுப்பைப் பிடித்து அமுக்கியதுபோல.
பயணிகள் திரும்பிப் பார்ப்பார்கள்.
நான் ரேடியோவைக் கூட்டிவைப்பேன்.

நெமேசியோ வாளித் தண்ணீரில் பாட்டிலைத் தலைகீழாக முக்கி
அடியிலேயே மூடியைத் திருகுவான்.
தண்ணீர் தானாக உள்ளே ஏறும்.
ஏறியதைத் தம்ளரில் ஊற்றி அளப்பான்:
இரண்டு தம்ளர், கை நடுக்கத்தில் சிந்தியது போக.
முதல் தடவை என் சட்டையைப் பிடித்தான்:
"வழியில் இரண்டு தம்ளர் காற்றை யார் குடித்தது?"

அவளிடம் வந்து சொன்னேன். சிரிக்கவில்லை.
"ஒரு மூச்சுக்கூடக் குறையவில்லை என்று சொல்.
அவன் தலைமேல் வானம் அதிகம்,
அதுதான் அமுக்குகிறது."

திரும்பி வரும்போது அவன் ஒன்று கொடுத்தனுப்புவான்,
கீழே மூடியது.
மேலே வரவர அது பந்தாய் இறுகும்.
அவள் அதைக் காதருகில் வைத்துத் திருகுவாள்.
உஸ்ஸ்.
கண் மூடியிருக்கும்.
யாருக்கு யார் என்று நான் கேட்டதில்லை.
இரண்டு பொலிவியானோவுக்கு அவ்வளவு கேட்க முடியாது.

போன மாதம் உண்டுவாவி சோதனைச் சாவடியில்
கோகோ இலை தேடிய போலீஸ்காரன்
பாட்டிலைத் தூக்கிப் பார்த்தான்.
"காலி பாட்டிலை எதற்கு இப்படி இறுக்கி மூடியிருக்கிறாய்?"
திருகினான். உஸ்.
மோந்தான். ஆரஞ்சு வாசம்கூட இல்லை போல.
"காற்றா?"
"காற்றுதான், ஐயா."
தப்பு செய்துவிட்டவன்போல அவனே
பத்திரமாக மூடித் தந்தான்.

நான் வாய் திறக்கவில்லை.
காற்றுக்குக் காற்று, என்ன பெரிய வித்தியாசம்?

பிரிமித்திவா கட்டைவிரலால் ஒரே ஒரு அமுக்கு.
ஊரிலுள்ள ரப்பரையெல்லாம் எடைபோட்ட விரல் அது.
"இது கொரோய்க்கோ இல்லை."
குளிர்ந்திருக்கும் என்றேன்.
சால்வைக்குள் வைத்துக்கொண்டாள்.
அடுத்த வாடிக்கையாளருக்கு மூன்று வளையம் விற்றாள்,
பேரம் பேசினாள், சில்லறை கொடுத்தாள்,
மறுபடி எடுத்து அமுக்கினாள்.
"குளிரும் இல்லை. பாதி மலையில் மூடியது. சாவடியா?"

மனைவியிடம் பொய் சொல்லியிருக்கிறேன்,
சங்கத்துச் செயலாளரிடம், டயர்க்காரனிடம்.
அவர்களில் யாரும் என் பொய்யைக்
கட்டைவிரலால் கண்டுபிடித்ததில்லை.
இரண்டு பொலிவியானோவைத் திருப்பிக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டாள்.

நேற்று திரும்பும் வழியில் கணவாயில் வண்டியை நிறுத்தினேன்.
ரேடியேட்டர் சூடு என்று பயணிகளிடம் சொன்னேன்.
கையுறையைக் கழற்றி,
என் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் கொட்டி,
காற்றடிக்கும் பக்கம் பிடித்து,
மூடினேன்.

நெமேசியோவுடையதோடு அதையும் சேர்த்துக் கொடுத்தேன்.
அவனுடையது கல்லாய் இருந்தது.
மற்றதன் கன்னம் லேசாக உள்வாங்கியிருந்தது.
அமுக்கினாள்.
"நம்மைவிட மேலேயிருந்து வந்திருக்கிறது.
கணவாய்.
யார் கொடுத்தனுப்பியது?"

தட்டிலிருந்த ரப்பர் வளையங்களை
எண்ணத் தொடங்கினேன்.
பதினேழு.
மறுபடி பதினேழு.